‘ஆர்’ கையேட்டில் நிரலைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். பேரலல் கணிப்புக்கான, அதாவது ஒரு வேலையைக் கணினியின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்வதற்கான கையேட்டை இந்த முறை மாணவர்களிடமே திருத்தக் கொடுத்தேன். ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். வளைந்த மேற்கோள் குறி, விடுபட்ட அடைப்புக்குறி எல்லாம் உடனே எரர் காட்டிவிடும், அவற்றை விடுகிறேன்.

அம்புக்குறியைப் பிளப்பது

ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்க <- என்று எழுதுவோம். வரிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று ஒரு தம்பி ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு, எல்லா < குறிக்கும் இருபுறமும் இடைவெளி விட்டுவிட்டார். அம்பு < - என்று உடைந்தது. உடைந்த அம்பு மதிப்புக் கொடுக்காது, ‘இதைவிடச் சிறியதா?’ என்று ஒப்பிட்டுப் பார்க்கும்.

மணிமுத்தாறு மழை அளவுக்குப் பூட்ஸ்ட்ராப் முறையில் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கும் என்று நம்பத்தக்க வரம்பு) காண்பதுதான் எடுத்துக்காட்டு. பூட்ஸ்ட்ராப் என்றால் கையில் உள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது, ஒரு முறை எடுப்பது ஒரு சுற்று. மேலே சோதனைக்காக 100 சுற்று. கீழே அதே மாறியை 10,000 ஆக்கும் வரி. அந்த வரிதான் உடைந்தது. மாறியில் பழைய 100 இருந்ததால் எரரே வரவில்லை.

“சார், நாலு கோர்ல போட்டதும் பத்தாயிரமும் ரெண்டே செகண்ட்ல முடிஞ்சிட்டு!”

வெளியீட்டில் ‘ஃபால்ஸ்’ என்று ஒரு வரி தனியாக வந்திருக்கிறது. பக்கம் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதையும் அழித்திருந்தார். உண்மையைச் சொன்ன ஒரே வரி அதுதான்.

100 சுற்றில் ஒவ்வொரு ஓரத்துக்கும் இரண்டு மூன்று மதிப்புகள்தான் அந்த வரம்பின் எல்லையைத் தீர்மானிக்கின்றன, 10,000இல் 250. நானும் அம்புக்குள் இதேபோல் விழுந்த வெற்றிடத்தால் 100 சுற்றின் முடிவை 10,000 என்று ஓர் அறிக்கையில் எழுதிக் கொடுத்து, அது அச்சான பிறகு எண்கள் தவறு என்று போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னும் அது ஆறவில்லை.

சோதனை எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். திருத்தியதும் புது செஷனில் முதல் வரியிலிருந்து ஓட்டுங்கள். அம்பு உடைந்திருந்தால் அந்தப் பெயருக்கு மதிப்பே இருக்காது, எரர் வந்துவிடும். < - என்று தேடியும் பாருங்கள். ஆனால் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், சில இடங்களில் அது உண்மையான ஒப்பீடாக இருக்கும்.

ப்ராம்ப்ட் குறிகள்

> குறியும் + குறியும் வரித் தொடக்கத்தில் ‘ஆர்’ தானே காட்டுபவை, நிரலின் பகுதி அல்ல. அவை நிரல் பெட்டிக்குள் வேண்டாம்.

இன்ஸ்டால் வரி

பேரலல் பேக்கேஜுக்கு இது தேவையில்லை. 2011இல் வந்த 2.14.0 பதிப்பு முதல் அது ‘ஆர்’ கூடவே வருகிறது.

பெட்டியை உடைப்பது

கிளஸ்டரை, அதாவது வேலையைப் பிரித்துச் செய்யும் வொர்க்கர்களின் (தனித்தனி ‘ஆர்’ செஷன்களின்) கூட்டத்தைத் திறக்கும் வரியும் மூடும் வரியும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். மூடும் வரி அடுத்த பக்கம் போனால், படிப்பவர் முதல் பெட்டியை மட்டும் காப்பி செய்வார். வொர்க்கர்கள் மெமரியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும்.

விண்டோஸ் எச்சரிக்கை

ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் செஷனையே நகலெடுத்து ஓடும் நிரல் விண்டோஸில் பல கோர்களில் ஓடாது. இதை அடிக்குறிப்பில் போடாமல், நிரலுக்கு மேலேயே எழுதுங்கள்.