தென்னைமட்டை கறுத்தால் போனில் எப்படித் தேடுவது? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஆனைமலைப் பக்கம் மாமாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. போன வருசம் சித்திரையில் ஒரு நாள் விடியக்காலம் போன் வந்தது. “மாப்ள, மட்டையெல்லாம் கரி புடிச்ச மாதிரி கறுத்துக் கெடக்குது. யூடியூப்ல ஒருத்தர் மருந்து ஒண்ணு சொல்றாரு, லிட்டர் ரெண்டாயிரமாம். வாங்கி அடிச்சுரட்டுமா?”

“பொறுங்க மாமா, ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பேரும் உக்காந்து பாத்துரலாம்” என்றேன்.

மாமாவிடம் நல்ல போன் இருக்கிறது. வாட்ஸ்அப் பார்ப்பார், வீடியோ பார்ப்பார். ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துப் பழக்கமில்லை. அன்று சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். தென்னை இல்லாதவர்களும் படிக்கலாம், தேடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

1. போனை எடுப்பதற்கு முன் தோப்புக்குள் போங்கள்

முதலில் போனைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனோம். கறுப்பு ஓலையின் மேல்பக்கம் மட்டும்தான் இருந்தது, விரலால் தேய்த்தால் கையில் ஒட்டியது. கீற்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, வட்ட வட்டமாகக் கோலம் போட்டது போல இருந்தது. மாமா அதுவரை அடிப்பக்கம் பார்க்கவே இல்லை.

இதைச் சிட்டையில் எழுதிக்கொண்டோம்: என்ன பயிர், எந்தப் பாகம், என்ன நிறம், எப்போதிருந்து. இந்த நாலும் இல்லாமல் தேடினால் வருவதெல்லாம் பொதுப்பேச்சாகத்தான் இருக்கும்.

2. பதில் எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்?

எனக்குத் தெரிந்து புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாமா மைக்கை அமுக்கி, “தென்னமட்ட கரி புடிச்சிருக்குது என்ன பண்றது” என்று பேசினார். கூகுளில் தமிழில் பேசினாலே அது எழுதிக்கொள்ளும், தட்டத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வந்த பக்கங்களில் ஒன்றுகூட நம்ம விசயம் இல்லை. காரணம் எளிது. பூச்சியியல் படித்தவர் ஒருவர் எங்கோ இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார், ஆனால் அவர் “கரி புடிச்சது” என்று எழுதியிருக்க மாட்டார். தேடுபொறி பொருளை ஓரளவு ஊகிக்கும் என்றாலும், அந்த ஆள் போட்ட சொல்லையே நாமும் போட்டால்தான் அவர் எழுதியது மேலே வரும்.

ஆகவே படிப்படியாகச் சொல்லை மாற்றினோம். “தென்னை ஓலை கருப்பு” என்று போட்டதில் ஒரு பக்கத்தில் “கரும்பூசணம்” என்ற சொல் கிடைத்தது. அதை எடுத்து “தென்னை கரும்பூசணம்” என்று போட்டதும் “சுருள் வெள்ளை ஈ” என்ற பெயர் வந்தது. படத்தைத் திறந்தால் கீற்றின் அடியில் நாங்கள் பார்த்த அதே கோலம். மாமா எழுந்து நின்றுவிட்டார்!

இன்னும் ஒரு படி இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பக்கங்களிலேயே இந்த ஈயின் ஆங்கிலப் பெயரான “ரூகோஸ்” (rugose) என்பதும் சேர்ந்து வரும், அதை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் புதுக் கதவு திறக்கும். வேறு எதையாவது தேடும்போது ஆங்கிலப் பெயர் தெரியவில்லையா? தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தைத் தொடுங்கள். அதே பொருளின் ஆங்கிலத் தலைப்பு வந்து நிற்கும்.

இரண்டு சின்ன உத்தி. சொற்கள் பிரியாமல் அதே வரிசையில் வேண்டுமென்றால் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள்குறி போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடம் விடாமல் கழித்தல் குறி போட்டால் அது உள்ள பக்கங்கள் விலகிவிடும். “தென்னை நோய்” தேடும்போது விற்பனைப் பக்கங்களாகக் கொட்டினால் “-விலை” என்று சேர்த்துப் பாருங்கள்.

கூகுள் லென்ஸில் படம் எடுத்தும் தேடலாம். அது தருவதைப் பெயர் கண்டுபிடிக்க ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி தெரிகிற வேறு பூச்சியையும் காட்டும்.

3. தொடுவதற்கு முன் முகவரியைப் படியுங்கள்

மேலே “ஸ்பான்சர்டு” என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். தாண்டிப் போங்கள். ஏஐ எழுதித் தரும் சுருக்கம் வந்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று காட்டும் இணைப்பைத் திறந்து பாருங்கள். மருந்தின் அளவு மாதிரி விசயத்தில் சுருக்கத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

முகவரியில், தொடக்கத்தில் வரும் https:// போக, முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கவ் டாட் இன் (gov.in), நிக் டாட் இன் (nic.in) என்றால் அரசு. ஏசி டாட் இன் (ac.in) என்றால் கல்வி நிறுவனம். டாட் காம், டாட் ஆர்க் இரண்டையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். “கவ்” என்ற எழுத்து நடுவில் எங்கோ இருந்து, முடிவில் வேறு ஏதாவது இருந்தால் அது அரசுத் தளம் இல்லை.

4. ஒருவரை ஒருவர் சாராத இரண்டு இடம்

எங்களுக்கு முதலில் கிடைத்தது கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம், தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, காசர்கோட்டில் 1916 முதல் இருக்கும் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். இரண்டும் வேறு வேறு நிறுவனம், இரண்டும் சொன்ன அடிப்படை ஒன்று.

இந்தப் பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது 2016-இல், அதுவும் நம்ம பொள்ளாச்சிப் பக்கம். ஈ சாறு உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற திரவத்தை விடும், அது கீழ் ஓலையின் மேல் விழுந்து, அதில் கரும்பூசணம் வளரும். கறுப்பு விளைவுதான், காரணம் மேல் மட்டையின் அடியில் இருக்கிறது. இயற்கையாகவே என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டை வைத்து அழிக்கும். ரசாயனப் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஆகவே மருந்து அடிக்க வேண்டாம் என்றுதான் இரண்டு இடத்திலும் எழுதியிருந்தது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுவது, ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, இவைதான் பரிந்துரை.

ஒரு வேறுபாடும் கண்ணில் பட்டது. கரும்பூசணத்தை உதிர்க்க, பல்கலைக்கழகம் லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை என்கிறது. காசர்கோட்டுக்காரர்கள் ஒரு விழுக்காட்டுக் கஞ்சிக் கரைசல் என்கிறார்கள். அளவு வேறானாலும் வழி ஒன்று, பசை காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உரிந்துவிடும். இப்படி ஒப்பிட்டுப் படிக்கும்போது எது உறுதி, எதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

பிறகு யூடியூப்காரரின் வீடியோவை மறுபடி பார்த்தோம். கீழே மருந்து வாங்க ஒரு போன் நம்பர், எந்தப் பூச்சிக்கு என்று கடைசிவரை சொல்லவே இல்லை. “ரெண்டாயிரம் மிச்சம்டா கண்ணு” என்றார் மாமா. எனக்கு அதைவிட அந்தக் குளவிகள் பிழைத்ததில்தான் நிம்மதி.

தேதியையும் பார்க்க மறக்காதீர்கள். மஞ்சள் விலை, கொப்பரை விலை, மானியத் திட்டம் எல்லாம் பழைய பக்கத்தில் இருந்தால் உதவாது. தேடல் கருவிகளில் “கடந்த ஆண்டு” என்று வடிகட்டலாம். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் பழைய பக்கமே போதும்.

5. ஒரு மனிதரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்

தேடி முடித்த பிறகு, விவசாயிகளுக்காக அரசு நடத்தும் தொலைபேசி உதவி மையமான கிசான் கால் சென்டருக்குப் பேசினோம். 1800-180-1551, கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம். “ரூகோஸ் வெள்ளை ஈங்களா?” என்று மாமாவே பெயரோடு கேட்டதால் பேச்சு நேராக விசயத்துக்குப் போனது. ஆழியார் நகரில் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் ஒரு கீற்றை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடலாம்.

6. கிடைத்ததைச் சேமியுங்கள்

பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். எந்தத் தளம், என்ன தேதி என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மற்ற தேவைகளுக்கு

பட்டா, சிட்டா, புலப்படம் பார்க்க வருவாய்த் துறையின் இணையவழி சேவைத் தளம் உண்டு. மாவட்டம், வட்டம், ஊர், சர்வே எண் கையில் இருந்தால் சில நிமிட வேலை. வில்லங்கம் பார்க்கப் பதிவுத் துறைத் தளம். அன்றன்றைய சந்தை விலைக்கு அக்மார்க்நெட், மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை. பழைய தமிழ் நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, இரண்டும் இலவசம்.

வாடிக்கையாளர் சேவை எண் மட்டும் தேடலில் எடுக்காதீர்கள். எங்கள் கிணற்று மோட்டார் நின்றபோது நான் அப்படி எடுத்த நம்பரில் பேசியவர், திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போடச் சொன்னார். பிறகு ஓடிபி கேட்டார். அப்போதுதான் சுதாரித்து வைத்தேன். அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. சரியான எண் வாரண்டி அட்டையிலேயே அச்சாகி இருந்தது.

அதேபோல் “கிசான் பணம்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (தொட்டால் போனில் செயலியை ஏற்றும் கோப்பு) தொடாதீர்கள். அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது, அதற்கு இப்படி எந்தக் கோப்பும் போட வேண்டியதில்லை. தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

பழகிப் பார்க்க ஒரு வேலை: உங்கள் தோட்டத்திலோ வீட்டு வாசலிலோ பெயர் தெரியாத ஒரு களைச்செடியை எடுங்கள். வீட்டில் ஆத்தாவோ அப்பாருவோ அதற்குச் சொல்லும் பெயரில் தொடங்கி, அதன் ஆங்கிலப் பெயர் வரைக்கும் போய்ச் சேருங்கள். நடுவில் எத்தனை சொல் மாற்றினீர்கள் என்று சிட்டையில் எழுதி வையுங்கள்.