சிவப்பாய் ஒளிரும் தங்கம்: நீரில் கரையும் நானோகொத்துகளைச் செய்யும் முறை

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்கு எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டத்துக்காக ஓசூர், தருமபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது தங்க நானோகொத்துகளைத்தான், அதாவது சில பத்துத் தங்க அணுக்கள் மட்டுமே சேர்ந்த மிகச் சிறு கொத்துகளை. என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். எனக்குத் தங்கத்தின்மேல் உள்ள பிடிப்பு அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இங்கே நமக்குத் தேவைப்படுவது ஒரு தடவைக்கு வெறும் 10 மில்லிகிராம் தங்கம்.

பெரிய தங்கத்துண்டு மஞ்சளாக மின்னும். மைக்கேல் ஃபாரடே 1857இல் விளக்கிய தங்கக் கூழ்மம், அதாவது நீரில் பரவி நிற்கும் தங்க நுண்துகள்கள், மாணிக்கச் சிவப்பாக இருக்கும். இரண்டுமே புற ஊதா விளக்கின் கீழ் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்வதில்லை. துகளின் அளவு 2 நானோமீட்டருக்கும் கீழே இறங்கி, சில பத்து அணுக்கள் மட்டுமே சேர்ந்திருக்கும்போது எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அப்போதுதான் நீல ஒளியையோ புற ஊதாவையோ வாங்கிச் சிவப்பாகத் திருப்பித்தருகிறது. நாம் செய்யப்போகும் கொத்தில் சுமார் 25 தங்க அணுக்கள்.

தங்க அணு இன்னொரு தங்க அணுவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். விட்டால் கொத்து துகளாகும், துகள் திப்பியாகும். அதைத் தடுப்பதுதான் இந்த வேலை முழுவதும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணம் இது ஒன்றே.

சிங்கப்பூரில் ஜியான்பிங் ஷியே, யுவான்காங் ஜெங், ஜாக்கி யிங் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றுகிறேன். நச்சுத்தன்மையுள்ள கரைப்பான் எதுவும் இதில் கிடையாது. மாட்டின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம் அல்புமின் என்ற புரதமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் இதை பி.எஸ்.ஏ. என்போம்.

கண்ணாடிப் பாத்திரங்கள்

முதல் நாள் முழுவதையும் சுத்தம் செய்ய ஒதுக்குங்கள். பழைய சோதனையின் தங்கத்துகள் குடுவைச் சுவரில் ஒட்டியிருந்தால், புதுத் தங்கம் அதன்மேல் போய்ப் படியும். அதனால் குடுவையையும் காந்தக் கலக்கியின் துண்டையும் இராஜதிராவகத்தில் கழுவ வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. தேவையான அளவு மட்டும், தேவைப்படும் நேரத்தில், நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்துக் கலக்குங்கள். குளோரினும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவந்துகொண்டே இருக்கும். ஆகவே இதை மூடிய பாட்டிலில் ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள், வெடிக்கும். அசிட்டோனால் கழுவிய ஈரமான குடுவையிலும் ஊற்றாதீர்கள். அமிலம் தாங்கும் தடித்த கையுறை, கண்ணாடி, மேலங்கி எல்லாம் கட்டாயம். துறையில் இதைச் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பிறகு தண்ணீரில் பலமுறை அலசுங்கள். பெங்களூரின் பல கட்டடங்களில் குழாயில் வருவது காவிரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்த கடின நீர். முதல் அலசலுக்கு அது போதும். கடைசி அலசலுக்கும் எல்லாக் கரைசல்களுக்கும் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் மின்தடையுள்ள மிகத் தூய நீர் வேண்டும். குடிக்கும் ஆர்.ஓ. நீர் இதற்கு ஆகாது.

தங்க உப்பு

கடையில் ஒரு கிராம் பாட்டிலாக வரும் குளோரோஆரிக் அமில டிரைஹைட்ரேட் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கும். காற்றின் ஈரத்தை அது குடித்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊர் மழையில் பாட்டிலைத் திறந்து 20 மில்லிகிராம் எடைபோட முயன்றால், தராசின் எண் ஏறிக்கொண்டே போவதைக் கண்முன் பார்க்கலாம். உலோகக் கரண்டியையும் அது அரித்துவிடும். கரண்டி அரிபடும் இடத்திலேயே தங்கம் கறுப்பாக இறங்கும்.

எனவே எடையே போடாதீர்கள். பாட்டிலுக்குள்ளேயே தூய நீரை விட்டு, முழுவதையும் கரைத்து, பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, எல்லாவற்றையும் 25 மில்லிலிட்டர் அளவுக் குடுவைக்கு மாற்றிக் குறிவரை நிரப்புங்கள். ஒரு கிராம் என்பது 2.54 மில்லிமோல். ஆகவே கிடைப்பது ஏறக்குறைய 100 மில்லிமோலார் கரைசல். பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, அலுமினியத் தாள் சுற்றி, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் 50 தடவைக்கு வரும். விரலில் பட்டால் ஊதாக் கறை பல நாள் போகாது.

கலக்கும் நாள்

நீரை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் வாட்டர் பாத்தை 37 டிகிரியில் வையுங்கள். சென்னையில் உள்ள நண்பர்களுக்கு மேமாதத்தில் அறையே ஏறக்குறைய அந்த வெப்பத்தில் இருக்கும். இங்கே ஜனவரிக் காலையில் அறை 20 டிகிரிக்கும் கீழே இருக்கும், வினை ஊர்ந்து போகும்.

250 மில்லிகிராம் பி.எஸ்.ஏ.வை 5 மில்லிலிட்டர் நீரின் மேற்பரப்பில் தூவிவிட்டு, தொடாமல் விடுங்கள். தூள் தானாக நனைந்து, விளிம்பில் கண்ணாடிபோல் தெளிந்து, மெல்லக் கீழே இறங்கும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை பொங்கும். நுரையில் சிக்கிய புரதம் வடிவம் குலைந்துபோகும், பிறகு அது கரைசலுக்குத் திரும்பாது. ஒருமுறை இதைப் பொறுமையாக நின்று பாருங்கள், புரதத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பது கைக்கே புரிந்துவிடும்.

தனியாக, சேமித்த தங்கக் கரைசலில் 0.5 மில்லிலிட்டர் எடுத்து நீர் சேர்த்து 5 மில்லிலிட்டர் ஆக்குங்கள். இது 10 மில்லிமோலார். இரண்டையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, புரதக் கரைசல் நன்றாகச் சுழலும்போது தங்கத்தைச் சேருங்கள். கரைசல் மஞ்சளாகும், சற்றுக் கலங்கலாம், பயப்பட வேண்டாம். புரதத்தில் உள்ள கந்தக, நைட்ரஜன் முனைகள் தங்க அயனிகளைப் பிடித்துக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுங்கள். இந்த இரண்டு நிமிடத்தைச் சுருக்காதீர்கள்.

பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மில்லிலிட்டர். பி.எச். 12ஐ ஒட்டி ஏறும். அந்தக் காரத்தன்மையில்தான் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் எலக்ட்ரானைக் கொடுத்துத் தங்க அயனியை ஒடுக்குகிறது, அதாவது தங்க அணுவாக்குகிறது. வெளியிலிருந்து வேறு ஒடுக்கி எதுவும் வேண்டாம். உள்ளேயே இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் 35 அலகுகளில் உள்ள கந்தகம் கொத்தைச் சூழ்ந்து வளராமல் நிறுத்துகிறது. புரதத்தின் வெளிப்பக்கம் நீரை விரும்பும் பக்கம் என்பதால் உள்ளே உலோகம் இருந்தும் முழுவதும் தெளிவாகக் கரைந்தே நிற்கிறது.

மூடி, 12 மணி நேரம் 37 டிகிரியில் விடுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் காலையில் பார்க்கலாம். வெளிர் மஞ்சள் வெளிர் பழுப்பாகி, கடைசியில் அடர் பழுப்பாகும். இரவில் மின்சாரம் போய் பாத் குளிர்ந்திருந்தால் கொட்டிவிடாதீர்கள், இன்னும் சில மணி நேரம் கூடுதலாக விடுங்கள். வெப்பத்தைக் கூட்டி நிமிடங்களில் முடிக்கும் வழிகளும் உண்டு. கற்றுக்கொள்ளும்போது நிதானமான வழிதான் நல்லது, ஒவ்வொரு நிறமாற்றத்தையும் நின்று பார்க்கலாம்.

உண்மையான ஒளிர்வா?

மின்னணுப் பொருள்கள் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் புற ஊதா டார்ச் வாங்கப் போனால் 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை நிரப்பிவிடும், சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். கண்ணுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டறையில் குப்பியைப் பிடியுங்கள். பகலில் கருப்பட்டிப் பாகுபோல் இருந்த கரைசல் கங்குச் சிவப்பாக எரியும்.

நீலமாக ஒளிர்ந்தால் மகிழ வேண்டாம். தங்கமே சேர்க்காமல் காரத்தில் வைத்த பி.எஸ்.ஏ.கூட மங்கிய நீலத்தில் ஒளிரும். அதனால் தங்கமில்லாத ஒரு குப்பியையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் செய்து வையுங்கள். கரைசல் ஒயின் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் கொத்து துகளாக வளர்ந்துவிட்டது. எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் உறிஞ்சல் நிறமாலையில் 520 நானோமீட்டர் அருகே ஒரு மேடு எழும்பி அதை உறுதிசெய்யும். நல்ல கொத்தில் அந்த மேடு இருக்காது.

ஒளிர்வு நிறமாலையை எடுக்கும்போது, உறிஞ்சல் 0.1க்குக் கீழே வரும்வரை நீர் சேர்த்து நீர்க்கவைத்துக்கொள்ளுங்கள். 480 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தினால் 640ஐ ஒட்டி அகன்ற சிகரம் வரும். 574 அருகே தெரியும் சிறு மேடு நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறுகள் அலைநீளத்தை மாற்றிச் சிதறும் ஒளி, உங்களுடையது அல்ல. 320இல் கிளர்த்திவிட்டு 640இல் கூரான சிகரம் வந்தது என்று ஓடிவரும் மாணவர்களை நான் உட்காரவைத்துக் கேட்பேன்: 320ஐ இரண்டால் பெருக்கினால் எவ்வளவு? அது விளக்கின் இரண்டாம் வரிசைச் சிதறல், அதாவது சிதறிய 320 ஒளியையே கருவி இரு மடங்கு அலைநீளத்தில் காட்டுகிறது. கிளர்ச்சி அலைநீளத்தை 10 நானோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். சிகரமும் 20 நகர்ந்தால் அது பொய். உறிஞ்சிய ஒளித்துகள்களில் எத்தனை திரும்ப ஒளியாக வருகின்றன என்பதே ஒளிர்வுத் திறன். ஷியே குழு கண்டது ஏறக்குறைய 6 சதவீதம். அதைவிட மிக அதிகமாக உங்களுக்கு வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

சுத்திகரிப்பும் ஒரு சோதனையும்

12 முதல் 14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) துளையளவுள்ள டயாலிசிஸ் பையில் ஊற்றி, மேலே கொஞ்சம் காலியிடம் விட்டுக் கட்டுங்கள். பை ஊதும். ஒரு லிட்டர் தூய நீரில் மிதக்கவிட்டு, ஒரு நாள் முழுவதும் நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். காரமும் சேராத அயனிகளும் வெளியேறும், 66 கிலோடால்டன் புரதம் கொத்தோடு உள்ளேயே இருக்கும்.

பாதரச அயனி பட்டால் இந்தச் சிவப்பு அணைந்துவிடும். கொத்தின் மேற்பரப்பில் உள்ள ஒற்றை நேர்மின் தங்கத்தோடு பாதரசம் இறுகப் பிணைந்துகொள்வதே காரணம். இருபது மடங்கு நீர்த்த கரைசலில் 50 மைக்ரோமோலார் அளவுக்கு மெர்குரிக் குளோரைடு சேர்த்து டார்ச் அடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இதைப் பார்த்ததும் பிள்ளைகள் பெங்களூரின் மாசுபட்ட பெல்லந்தூர் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து சோதிக்கக் கிளம்புவார்கள். அந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏரி நீரின் கரிமப்பொருளும் சல்பைடும் ஒளியைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். அதே ஏரி நீரில் தெரிந்த அளவு பாதரசத்தைப் படிப்படியாகச் சேர்த்து அளந்து, வரைபடக் கோடு ஒன்று வரைந்து, அதை வைத்துத்தான் பேச வேண்டும். பாதரசம் பட்ட எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.

மிச்சக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, இருட்டில் 4 டிகிரியில் வையுங்கள். புரதம் என்பதால் திறந்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் உறைய உலர்த்திப் பழுப்புத் தூளாக்கிக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது நீர் விட்டால் கரைந்துவிடும். குப்பியின்மேல் தேதியோடு எந்த நிறுவனத்தின் பி.எஸ்.ஏ., எந்தத் தொகுதி எண் என்பதையும் எழுதுங்கள். புரதத்தின் தொகுதி மாறும்போது ஒளிர்வின் அளவும் மாறக்கூடும்.