சென்ட்ரல் பார்க்கில் கைடுடன் சைக்கிள் சுற்றுலா: முதல் முறை போகிறவர்களுக்கு

நியூயார்க் போகிற பலர் சென்ட்ரல் பார்க்கின் தெற்கு வாசலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பூங்காவின் பரப்பு 843 ஏக்கர். 59ஆம் தெருவில் தொடங்கி 110ஆம் தெரு வரை நீளம் மட்டும் நான்கு கிலோமீட்டர். நடந்தே பார்க்கலாம் என்று கிளம்பினால் பாதியிலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். சைக்கிள்தான் இதற்குத் தோது.

கைடு எதற்கு, நாமே வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம்தான். ஆனால் பூங்காவின் நல்ல இடங்களில் பாதிக்கு மேல் சைக்கிள் போகும் சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. எங்கே இறங்க வேண்டும், சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள் முன்னால் போனால் அந்தத் தேடல் மிச்சம். முதல் முறைக்கு அந்தக் காசு தகும் என்பது என் எண்ணம்.

1. முதலில் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

பூங்காவைச் சுற்றி ஒரு வளையச் சாலை ஓடுகிறது. முழுச் சுற்று 6.1 மைல், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 2018 ஜூன் முதல் இதில் கார்களுக்கு இடமில்லை. சைக்கிள், குதிரை வண்டி, சைக்கிள் ரிக்‌ஷா, ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், அவ்வளவுதான்.

இது ஒருவழிப் பாதை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது கிழக்குப் பக்கமாக வடக்கே ஏறி, மேற்குப் பக்கமாகத் தெற்கே இறங்க வேண்டும். “அந்த இடத்தைத் தாண்டி வந்துட்டோமே” என்று திரும்பி எதிரே ஓட்டக் கூடாது; இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகலாம்.

நடுவில் இரண்டு குறுக்குப் பாதைகள் உண்டு. ஒன்று 72ஆம் தெருவை ஒட்டி, இன்னொன்று 102ஆம் தெருவை ஒட்டி. 72இல் திரும்பினால் தெற்குப் பகுதியை மட்டும் பார்க்கும் சின்னச் சுற்று. 102இல் திரும்பினால் வடக்கு மூலையில் இருக்கும் பெரிய மேட்டைத் தவிர்த்துவிடலாம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முன்பதிவு செய்யும்போது உதவும்.

65, 79, 86, 97ஆம் தெருக்களின் வாக்கில் பூங்காவைக் குறுக்கே வெட்டும் சாலைகளும் வரைபடத்தில் தெரியும். அவை காருக்கும் பஸ்ஸுக்கும். பக்கத்தில் கூடப் போக வேண்டாம். ஆனால் அவற்றைக் கடக்கும் பாலங்களின் மேலே நீங்கள் ஓட்டிப் போவீர்கள், பல பேர் கவனிப்பதே இல்லை. பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் 1858இல் போட்டியில் வென்ற திட்டத்திலேயே இந்தச் சாலைகளைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், ஊர்ப் போக்குவரத்து பூங்காவின் கண்ணில் படக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

2. முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் எல்லாமே “சென்ட்ரல் பார்க் டூர்” என்றுதான் இருக்கும். பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: எந்தத் தெரு வரை போவீர்கள்? இரண்டு மணி நேர டூர் பெரும்பாலும் தெற்குப் பகுதியோடு முடியும். முழுச் சுற்று வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, எத்தனை பேர் சேர்ந்து போவீர்கள் என்று கேளுங்கள். கூட்டம் பெரிதானால் கடைசியில் வருகிறவர் வந்து சேர்வதற்குள் கைடு கதையில் பாதியை முடித்திருப்பார். மழை வந்தால் பணம் திரும்புமா, குழந்தை இருக்கை கிடைக்குமா, டூர் முடிந்தபின் சைக்கிளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாள் விஷயத்தில், வார நாள் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் நல்லது. அதிகாலையில் பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பயிற்சி எடுப்பார்கள், பக்கத்தில் விர்ரென்று பறப்பார்கள். புதியவருக்கு அது வேண்டாத பதற்றம். வார இறுதி மதியத்தில் சாலை நிரம்பி வழியும். நவம்பர் முதல் ஞாயிறு நியூயார்க் மாரத்தான், முடிவுக்கோடே பூங்காவுக்குள்தான். அன்றைக்கு வேண்டாம்.

எலக்ட்ரிக் சைக்கிள் வேண்டுமா என்று கடையில் கேட்பார்கள். முட்டி வலி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் சாதாரண கியர் சைக்கிளே போதும். பழக்கமில்லாத கையில் எலக்ட்ரிக் சைக்கிள் திடீரென்று பாய்வதும், அதன் கனமும்தான் தொல்லை.

3. உடுப்பும் பையும்

செயினில் மாட்டாத பேன்ட், பின்னால் வார் உள்ள காலணி, ஒரு தண்ணீர் பாட்டில். துப்பட்டாவோ புடவையோ வேண்டாம். பையைத் தோளில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டுங்கள் அல்லது முன்கூடையில் போடுங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்பது நியூயார்க் மாநிலச் சட்டம். பெரியவர்களும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

4. கடையில் சைக்கிளைக் கையில் வாங்கும்போது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இதுதான். கூட்டமாக நிற்கும்போது கூச்சப்பட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினால் மீதி நேரமெல்லாம் அவஸ்தை.

சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடியில் கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். பல வருடமாக ஓட்டாதவர் என்றால் சீட்டை இன்னும் ஒரு விரற்கடை இறக்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போது கால் தரையில் எட்டும் தைரியம்தான் முக்கியம்.

இப்போது பிரேக். நம் ஊரில் பெரும்பாலும் வலது கைப்பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கும், இடது கைப்பிடி பின்சக்கரத்தை. அமெரிக்காவில் இது தலைகீழ்: இடது கைதான் முன்சக்கரம். பழக்கத்தில் இடது கையை இறக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்று, நாம் ஹேண்டிலுக்கு மேலே போய்விடுவோம். எனவே சைக்கிளை நின்றபடி முன்னால் தள்ளி, ஒரு கையை மட்டும் அழுத்திப் பாருங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது? பிறகு மற்றொரு கை. இந்தச் சின்ன சோதனையைச் செய்யாமல் கடையை விட்டு நகரவே வேண்டாம். ஓட்டும்போது இரண்டையும் சேர்த்து, மெதுவாகப் பிடியுங்கள்.

கியர் பற்றி ஒரே விஷயம் தெரிந்தால் போதும். வலது கைப் பக்கம் இருக்கும் எண்களில் சின்ன எண் மேட்டுக்கு, பெரிய எண் சமதளத்துக்கு. மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில், மூச்சுவாங்க அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், சில நேரம் கழன்றே விடும்.

5. கூட்டத்தோடு ஓட்டுவது

கைடுக்கு நேர் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டத் தெரியாதவர்கள் கூச்சப்பட்டுக் கடைசிக்குப் போவார்கள். அங்கேதான் சிரமம் அதிகம், ஏனென்றால் முன்னால் உள்ளவர்கள் விடும் இடைவெளியெல்லாம் சேர்ந்து கடைசி ஆள் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் வேகத்தை உங்களுக்கு ஏற்ப அவர் வைப்பார், பேசுவதும் காதில் விழும்.

ஒருவர் பின் ஒருவராகவே போங்கள், பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். முன்சைக்கிளுக்கும் உங்களுக்கும் இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி இருக்கட்டும். சாலையில் யார் எங்கே போவது என்று தரையில் படம் வரைந்திருக்கும், உங்கள் தடத்திலேயே இருங்கள். முந்துகிறவர்கள் இடது பக்கமாக வருவார்கள்; “ஆன் யுவர் லெஃப்ட்” என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய்க்கொண்டே இருங்கள். திரும்பிப் பார்த்தால் கையும் சேர்ந்து திரும்பும்.

நடக்கிறவர் குறுக்கே வந்தால் அவருக்குத்தான் முதல் உரிமை. சிவப்பு விளக்கு எரிந்தால் நில்லுங்கள். உள்ளூர் ஆட்கள் நிற்காமல் போவதைப் பார்த்து நீங்களும் போக வேண்டாம். படம் எடுக்க நினைத்தால் சாலையை விட்டு முழுதாக ஒதுங்கிய பிறகு போனை எடுங்கள். நடைபாதை எதிலும் சைக்கிளை ஓட்டக் கூடாது, தள்ளலாம்.

வழி தவறிவிட்டால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். சின்னத் தகட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்தில் உள்ள தெரு. கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் நீங்கள் கிழக்குப் பாதியில், ஒற்றைப்படை என்றால் மேற்கில். 7204 என்று இருந்தால் 72ஆம் தெரு வாக்கில், கிழக்கே நிற்கிறீர்கள். மரங்களுக்கு நடுவே போன் சிக்னல் திணறும்போது இது கை கொடுக்கும். கைடுக்குப் போன் செய்தாலும் இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

6. இறங்கிப் பார்க்க வேண்டியவை

செர்ரி ஹில். 72ஆம் தெருக் குறுக்குப் பாதையை ஒட்டிய இந்த மேட்டில் பல கைடுகள் சைக்கிளை நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் அழகான நீரூற்று, அந்தக் காலத்தில் வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிக்க வைத்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெதெஸ்டா மாடம். எல்லாரும் படியில் இறங்கி நேராக நீரூற்றுக்கு ஓடுவார்கள். நீங்கள் படிக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில் ஒரு நிமிடம் நின்று, தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். மின்டன் என்ற கம்பெனியின் 15,000க்கும் மேற்பட்ட ஓடுகள், இங்கிலாந்தில் செய்தவை. ஓடு பதித்த தரையை எங்கும் பார்க்கலாம், கூரையில் இப்படித் தொங்குவதுதான் அபூர்வம்.

வெளியே நீரூற்றின் மேல் நிற்கும் தேவதையைச் செதுக்கியவர் எம்மா ஸ்டெபின்ஸ். 1873இல் திறந்தார்கள். நியூயார்க் நகரம் ஒரு பெண்ணிடம் பெரிய பொதுச் சிற்பத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் முறை. தேவதையின் ஒரு கையில் லில்லிப்பூ, இன்னொரு கை கீழே உள்ள தண்ணீரை ஆசீர்வதிப்பது போல நீண்டிருக்கும். காலராவில் ஆட்களை வாரிக் கொடுத்த ஊர் அது. 1842இல் குரோட்டன் ஆற்றிலிருந்து சுத்தமான தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்ததற்குத்தான் இந்தச் சிலை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நீட்டிய கைக்கு அர்த்தம் புரியும்.

கிழக்குப் பக்கமாக வடக்கே போகும்போது படகுத்துறையைத் தாண்டியதும் ஒரு மேடு வரும். சைக்கிள்காரர்கள் அதைக் கேட் ஹில், அதாவது பூனை மேடு என்பார்கள். மிதிக்கிற மும்முரத்தில் தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். இடது பக்கப் பாறை மேல் ஒரு சிறுத்தை பாயத் தயாராகப் பதுங்கியிருக்கும். வெண்கலம்தான், 1883இலிருந்து அங்கேயே இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் தெரியாமல் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும்.

மேடு முடிந்ததும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பின்புறம். அங்கே இறங்கினால் பழைய எகிப்தின் கல்தூண். மூன்றாம் துட்மோஸ் மன்னன் நிறுத்தியது, ஏறக்குறைய 3,500 வயது. பூங்காவில் 1881இல் நிறுத்தினார்கள். ஆற்றங்கரையில் இறக்கி இங்கே கொண்டுவரவே நூறு நாளுக்கு மேல் ஆனது. சிறிய டூர்களில் இதை விட்டுவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

அடுத்து 106 ஏக்கர் பரப்புள்ள பெரிய நீர்த்தேக்கம். அதன் கரைப்பாதை ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சாலையோரம் நிறுத்திவிட்டு ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேற்குப் பக்கம் திரும்பி வரும்போது 89க்கும் 82க்கும் இடையில் பார்க்கக் கட்டடம் ஒன்றும் இல்லை, அறிவிப்புப் பலகைகள்தான். செனெகா கிராமம் இருந்த இடம். 1825 முதல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்த ஊர். மூன்று தேவாலயங்களும் பள்ளியும் இருந்தன. பூங்காவுக்காக 1857இல் மொத்தத்தையும் காலி செய்தார்கள். இதைப் பற்றிப் பேசாமல் கடந்து போகிற கைடு என்றால் நீங்களாகவே நிறுத்தச் சொல்லுங்கள். ஏரி, பாறை, தேவதை எல்லாவற்றையும்விட இந்த வெறும் புல்தரையில்தான் பூங்காவின் முழுக் கதையும் தெரியும்.

72ஆம் தெரு வாசலில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் நினைவாக 1985இல் திறந்த ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ். எப்போதும் கூட்டம், எப்போதும் யாராவது கிட்டார் வாசிப்பார்கள். தெருவுக்கு அப்பால் தெரியும் டகோட்டா கட்டடத்தின் வாசலில்தான் 1980 டிசம்பர் 8 அன்று அவர் சுடப்பட்டார். சைக்கிளை வெளியிலேயே விட்டுவிட்டு நடந்து போக வேண்டும்.

7. டூர் முடிந்தபின்

அமெரிக்காவில் கைடுக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் சரியாக இருக்கும். சில்லறை நோட்டுகளை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள முடிந்தால், டூர் தொடாத வடக்குப் பக்கம் போங்கள். கூட்டம் அங்கே சட்டென்று குறைந்துவிடும். 102ஐத் தாண்டினால் நல்ல இறக்கம், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். அடியில் ஹார்லெம் மீர் ஏரி. அதன் பிறகு வளைந்து மேற்கே திரும்பியதும் ஹார்லெம் ஹில், சுற்றிலேயே கடுமையான ஏற்றம். வளைவிலேயே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள். முடியவில்லையா, வலது ஓரமாக இறங்கித் தள்ளுங்கள். அங்கே தள்ளிக்கொண்டு போகிறவர்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஏறி முடித்தபின் கடை வரை பெரும்பாலும் சுகமான ஓட்டம், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை தாமதமானால் அடுத்த மணிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும் கடைகளும் உண்டு.