பேதி மருந்து குடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வயிறு மந்தம் என்றாலும் முகத்தில் பரு என்றாலும் "பேதிக்குக் குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் திருநெல்வேலிச் சீமையில் இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இப்போது அவர்களோடு, பல ஆண்டுக் கழிவு கிலோக் கணக்கில் குடலில் ஒட்டியிருக்கிறது என்று பயமுறுத்திப் பொடி விற்கும் விளம்பரங்களும் சேர்ந்துகொண்டன. மருந்தைத் தேடும் முன் இந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

குடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் உதிர்ந்து புதிதாகின்றன. அதன்மேல் வழுவழுப்பான சளி ஓயாமல் சுரக்கிறது. ஆகவே அங்கே ஆண்டுக்கணக்கில் எதுவும் படிந்து கிடக்க வழியில்லை. கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் மருத்துவர்களும் அப்படியொரு படிவைக் காண்பதில்லை. பொடி குடித்தபின் கயிறு போல வெளிவருவது, பெரும்பாலும் அந்தப் பொடியிலேயே உள்ள இசப்கோல் என்ற விதை உமியும் களிமண்ணும் நீரில் ஊறித் திரண்டதுதான். தேங்கிய மலத்தின் நஞ்சு உடலெங்கும் பரவுகிறது என்று நம்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் நோயாளிகளின் பெருங்குடலையே அகற்றினார். மலம் கழிந்த உடனேயே தலைவலியும் சோர்வும் நீங்குவதால், அவை நஞ்சினால் அல்ல, மலக்குடல் நிறைந்து விரிவதால் நரம்பு வழியே வருபவை என்று அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் 1919இல் எடுத்துக்காட்டினார்.

அதற்காகத் தேக்கமே பொய் என்று சொல்லிவிடக் கூடாது. படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களுக்கு மலக்குடலில் மலம் இறுகிக் கட்டியாவதுண்டு. அதைச் சுற்றி நீராகக் கசிவதைப் பார்த்து, வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்நிலையில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து, எதற்காகக் குடிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பூச்சித் தொல்லைக்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது; அதற்காக வயிற்றைப் போக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாக, முக்கித்தான் போக முடிகிறது என்றால் அது மலச்சிக்கல். அப்போதும் முதலில் கீரை, அவரைக்காய், பனங்கிழங்கு, வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவற்றைச் சில வாரங்கள் விடாமல் சேர்த்துப் பாருங்கள்.

அதற்கும் இளகாவிட்டால் சென்னா எனப்படும் நிலாவரை இலை உதவும். நம் பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் இவ்விலை உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விற்கப்படுகிறது என்பது நமக்குப் பெருமைதான். அதிலுள்ள சென்னோசைடு என்ற மருந்துப் பொருளைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் மாற்றிய பிறகே அது வேலை செய்வதால், இரவில் எடுத்துக்கொண்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் பலன் தெரியும். அது குடலை முடுக்குகிறதே தவிர, எதையும் சுரண்டி எடுப்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். மிகுதியானால் உடலில் பொட்டாசியம் குறையும், நீண்டநாள் எடுத்தால் பெருங்குடல் சுவர் பழுப்பேறும்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி என்ற சித்த மருத்துவ முறையைப் பின்பற்ற விரும்புவோர், மருந்தையும் அளவையும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் விளக்கெண்ணெயைத் தொடவே கூடாது. சிறுநீரக நோயாளிகள், இதய நோய்க்கு மருந்து உண்பவர்கள், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் ஆகியோர் தாமாக எந்தப் பேதி மருந்தும் எடுக்கலாகாது. குடிக்கும் நாளில் வெயிலில் அலையாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் பருகி வாருங்கள். தலைசுற்றலோ சிறுநீர் குறைவதோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால் பேதிக்குக் குடித்து நாளைக் கடத்தாமல் பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் தரப்படும் கரைசலைச் சொன்ன அளவில் முழுவதும் குடிப்பது கட்டாயம். குடல் காலியாக இல்லாவிட்டால் சிறு கட்டிகள் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.