ரோடோகுரோசைட் வாங்கும்போதும் வாங்கிய பின்னும்: ஒரு தராசு, ஒரு நூல், கொஞ்சம் கவனம்

அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்துக் கப்பிலிட்டாஸ் சுரங்கத்தால் பெயர் பெற்ற ரோடோகுரோசைட் கல், 'இன்கா ரோஜா' என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. குறுக்கே அறுத்த துண்டில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் வெங்காய வளையம்போல் மாறி மாறி வரும். வாங்குவதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது மாங்கனீசு கார்பனேட். சுண்ணாம்புக்கல்லுக்கு உறவு என்பதால் புளிப்பு பட்டால் கரையும். கடினத்தன்மையும், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 3.5 முதல் 4 வரைதான்.

முதலில் கோடுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பின் நடுவே கரிய நரம்புகள் ஓடினால் அது பெரும்பாலும் ரோடோனைட் என்ற வேறொரு கல்லாக இருக்கும். அதன் கடினத்தன்மை 5.5க்கு மேல் என்பதால், மோதிரத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ரோடோகுரோசைட்டைப் பதக்கமாக அணிவதே நல்லது.

அடுத்தது அடர்த்திச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. பதிக்காத கல்லை முதலில் உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். உலர் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். உலர் எடை 18.50 கிராம், நீரில் காட்டியது 5.20 என்றால் விடை ஏறத்தாழ 3.56, தூய ரோடோகுரோசைட்டுக்கு 3.5 முதல் 3.7 வரை வரும். சாயம் ஏற்றிய கால்சைட்டும் ரோஸ் குவார்ட்சும் 2.7 அளவிலேயே நின்றுவிடும். ரோடோனைட்டின் அடர்த்தியோ ஏறக்குறைய ரோடோகுரோசைட்டின் அளவே என்பதால், அதைக் கண்ணால்தான் பிரித்தறிய வேண்டும்.

முதல் முயற்சியில் எனக்கு 2.9 வந்து, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். கல்லின் ஓர் ஓரம் கிண்ணத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அதன் எடையில் ஒரு பகுதியும் தராசில் ஏறியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் எண் சிறிது பிசகியது. கல்லின் நடுத்துளையில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது. நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, கல்லை மெதுவாக அசைத்தால் குமிழி விலகிவிடும்.

வெள்ளிப் பதக்கத்தை அப்படியே எடை போட்டு 4க்கு மேல் வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வெள்ளியின் அடர்த்தி 10.5, அதனால் இந்தக் கணக்கு பதித்த நகைக்குப் பொருந்தாது.

பராமரிப்பில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பதக்கத்தின் வெள்ளி கறுத்ததும், வழக்கம்போல எலுமிச்சைச் சாற்றைத் தடவினேன். ஒரு நிமிடத்தில் கழுவியும் கல்லின் ஓரம் சாக்பீஸ்போல மங்கிவிட்டது. மறுபடியும் மெருகேற்றித்தான் பளபளப்பு திரும்பியது. புளி, வினிகர், மீயொலியால் (அல்ட்ராசோனிக்) நகை கழுவும் இயந்திரம், நீராவி எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்பு போதும்.

உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும் தவறு. தூசியிலுள்ள குவார்ட்சுத் துகள் கல்லைவிடக் கடினமானது என்பதால் நுண்ணிய கீறல்கள் விழும். முதலில் நீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மற்ற நகைகளோடு உரசாதபடி தனிப் பையில் வையுங்கள்.