உருகி அறுந்த ஸ்டார்ட்டர் கயிறு: ஸ்னோமொபைலில் சூடு எங்கிருந்து வருகிறது?

கனடாவின் சட்பரிக்கு வடக்கே உறைந்த ஏரி. காலையில் மைனஸ் 24 டிகிரி. பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டரை இழுத்தேன், கயிறு ஒரு முழம் வந்து அறுந்து கையோடு வந்துவிட்டது. அறுந்த முனை நார் நாராகப் பிரிந்திருக்கவில்லை. மெழுகு சொட்டி உறைந்தது போலக் கறுத்து, வழவழவென்று கெட்டியாக இருந்தது. தேய்ந்து அறுந்த கயிறு அப்படி இருக்காது. இது உருகிய கயிறு.

அன்று புதுக் கயிறு மட்டும் போட்டேன். ஒன்பது நாளில் அதுவும் போனது. அதனால் கயிறு வாங்கும் முன் சூட்டைத் தேடுங்கள்.

1. எங்கே உருகியிருக்கிறது?

எஞ்சின் ஆறிய பிறகு பக்கப் பேனலைத் திறந்து, கயிறு சுற்றியிருக்கும் ரீல் உள்ள ஸ்டார்ட்டர் கூட்டைக் கழற்றுங்கள். கூட்டுக்கு வெளியே ஓடும் பகுதி உருகியிருந்தால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள். கயிறு நன்றாக இருந்து பிளாஸ்டிக் ரீலின் நடுப்பகுதி மட்டும் இளகியிருந்தால், அது வேறு கோளாறு, கடைசியில் சொல்கிறேன்.

2. எக்ஸாஸ்ட் கசிவு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்ட் பைப்பை இணைப்பில் இழுத்துப் பிடிப்பவை சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். என் வண்டியில் ஒன்று முறிந்து கீழே கிடந்தது. இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்புக் கோடு தெரிந்தால் கசிவு உறுதி. வெளியேறும் புகை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நைலான் 6 வகைக் கயிறு 220 டிகிரி வாக்கில் உருகிவிடும். வெப்பத் தடுப்புத் தகடு இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங் மாட்ட அதற்கென்றே விற்கும் கொக்கியை வாங்குங்கள். குறடால் இழுத்தால் நழுவும், விரல் போகும்.

3. புதுக் கயிறு

பழைய துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து நீளம் அளந்துகொள்ளுங்கள். தடிமனும் அதே அளவு இருக்கட்டும். பருமனானது ரீலில் சிக்கும். வெட்டிய முனையை லைட்டரில் காட்டி, குறடால் அழுத்தி மூடுங்கள்.

4. ஸ்பிரிங்கை முறுக்குவது

என்னை அதிகம் படுத்தியது இதுதான். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதீர்கள்; கயிற்றை உள்ளே இழுக்கும் ரீலின் சுருள் ஸ்பிரிங் துள்ளினால் முகத்தில் வெட்டும்.

கயிறில்லாத ரீலை, இழுத்தால் சுற்றும் அதே திசையில், இறுகும் வரை சுற்றுங்கள். அங்கேயே நிறுத்தக் கூடாது. சுமார் ஒரு சுற்று பின்னால் விட்டு, ரீலின் துளையும் கூட்டின் வாயும் நேராக வரும் இடத்தில் ஆணி செருகிப் பூட்டுங்கள். கயிற்றைக் கோர்த்து, முடிச்சுப் போட்டு, கைப்பிடியையும் கட்டுங்கள். ரீலைக் கையால் அழுத்திப் பிடித்து ஆணியை எடுத்து, மெல்ல மெல்ல விடுங்கள். கயிறு தானே உள்ளே சுற்றிக்கொள்ளும்.

பின்னால் விடாமல் கட்டினால், முழுக்க இழுக்கும்போது அந்த வேகம் ஸ்பிரிங்கின் கொக்கியில் விழுந்து அது நிமிர்ந்துவிடும். எனக்கு அப்படி ஒரு ஸ்பிரிங் போனது. அடுத்த முறை பயந்து மூன்று சுற்று விட்டேன். கைப்பிடி இரண்டு விரல் அளவு வெளியே நின்றது, கயிறு தொய்ந்து பைப்பை உரசியது. கசிவை அடைத்த பிறகும் கயிறு கருகத் தொடங்கியது அதனால்தான். கைப்பிடி தன் இடத்தில் அழுத்தி உட்கார வேண்டும். முழுதும் இழுத்த நிலையில் ரீல் இன்னும் அரைச் சுற்றாவது நகர வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கூட்டை மாட்டுங்கள்.

பின்சேர்க்கை

ஃபேன் கூலிங் எஞ்சின் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ரீலின் நடு மட்டும் உருகியதாக எழுதியிருந்தார். படம் கேட்டுப் பார்த்தேன். ரீலிலிருந்து வெளியே வந்து எஞ்சின் பக்கக் கப்பைப் பிடிக்கும் நாக்கு திரும்பி மடங்கவில்லை. சாதாரண கிரீஸ் பூசியிருந்தார். கடுங்குளிரில் அது பிசினாகி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் கப்பில் நாக்கு உரசினால் பிளாஸ்டிக் தாங்காது. பழையதைத் துடைத்துவிட்டு, கடுங்குளிருக்கான கிரீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். நாக்கை விரலால் தள்ளிவிட்டால் பட்டென்று மடங்க வேண்டும்.

இன்னொருவர், காட்டில் கயிறு அறுந்தால் என்ன செய்வது என்றார். சில வண்டிகளில் கிளட்ச்சில் சுற்றி இழுக்க அவசரக் கயிறு தருகிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த முறை இருந்தால் மட்டும் செய்யுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எஞ்சின் பிடித்த நொடியில் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.