படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள்

மும்பையில் கலினா, தேவ்னார் பக்கம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் என்னைப் பார்க்க வருவார்கள். லிட்ரேச்சர் ரிவ்யூ, அதாவது முந்தைய ஆய்வுகளை மதிப்பாய்வு செய்யும் பகுதியில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே இவர்களும் அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. எழுத்துப்பிழை, ஆண்டு விடுபடுவது போன்றவற்றை நெறியாளரே சுழித்துக் காட்டிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பத்திக்கு ஒரு கட்டுரை

'இவர் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அப்படிச் சொன்னார்' என்று வரிசையாக அடுக்குவது மதிப்பாய்வு ஆகாது. தோல் பட்டறைக் கூலி பற்றி இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஒருவர் முதலாளியிடம் கேட்டிருப்பார், மற்றவர் தொழிலாளியிடம் கேட்டிருப்பார். அந்த வித்தியாசத்தைத்தான் எழுத வேண்டும்.

தேடியதைக் குறித்து வைக்காதது

எங்கே, எந்தச் சொல்லைப் போட்டு, எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கைமாறி வந்த மேற்கோள்

எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். ஒரு கட்டுரையைப் படிக்கிறோம். அதில் வேறொருவரின் ஆய்வை ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியையும் அடைப்புக்குறியில் இருக்கும் பெயரையும் ஆண்டையும் அப்படியே எடுத்து, மூலத்தையே படித்தது போல நம் ஆய்வேட்டில் போட்டுவிடுகிறோம்.

தாராவியில் 90 அடி ரோடு பக்கத்தில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி, 13வது காம்பவுண்டின் மறுசுழற்சித் தொழில் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரியே 'பத்து லட்சம் பேர் வாழும் தாராவி' என்று இருந்தது, மேற்கோளோடு. "இந்தக் கட்டுரையைப் படித்தாயா?" என்றேன். "இல்லை சார், இன்னொரு பேப்பர்ல இருந்துச்சு" என்றாள். இருவரும் உட்கார்ந்து பின்னால் தேடிக்கொண்டே போனோம். அவள் காட்டிய கட்டுரை வேறொரு கட்டுரையைக் காட்டியது. அது ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டியது. அந்தச் செய்தியில் 'என்று சொல்லப்படுகிறது' என்று மட்டும் இருந்தது. எண்ணியவர் யார், எந்த ஆண்டு, எல்லை எது என்று ஒரு விவரமும் இல்லை.

தாராவியின் மக்கள்தொகை என்று 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை எண்கள் உலவுகின்றன. பட்டறையிலேயே படுத்துறங்கும் வெளியூர்த் தொழிலாளியையும் மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரரையும் சேர்த்தார்களா என்பதைப் பொறுத்தே எண் மாறும். இந்தச் சிக்கலை எழுதியிருந்தால் அதுவே நல்ல மதிப்பாய்வாக இருந்திருக்கும். அந்தத் தெருவிலேயே வளர்ந்த பெண், யாரோ போகிற போக்கில் சொன்ன எண்ணை நம்பிவிட்டாளே என்பதுதான் என் வருத்தம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவத் துறையில் ஒரு சான்று இருக்கிறது. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலிநிவாரணி மருந்து பெற்ற 11,882 உள்நோயாளிகளில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர்தான் என்றது அது. பின்னால் வந்தவர்கள் இந்தக் கடிதத்தை, வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை சாப்பிடுபவருக்கும் பொருந்துவது போலக் காட்டினார்கள். 2017இல் அதே இதழில் வந்த ஆய்வு, கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை அலசியது. அவற்றில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே ஆதாரமாக வைத்திருந்தன. கடிதம் சொன்னது உள்நோயாளிகளைப் பற்றி மட்டுமே என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டப்பட்ட கடிதம் இது என்று எச்சரிக்கும் குறிப்பை இதழ் பிறகு சேர்த்தது. அதற்குள் அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்துவிட்டன.

"ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே வந்துடுச்சு சார்" என்று, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சொல்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி அதுவரை தண்டனை கிடையாது, சரி. ஆனால் அந்த மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். நீங்கள் மூலத்தைத் திறந்து பார்த்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காருபவருக்குத் தெரியும். "இது எந்தப் பக்கத்தில் வருகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மூலத்தைத் தேடி எடுங்கள். பக்க எண்ணைக் குறியுங்கள். கிடைக்கவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள், ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், நிறைய பேர் அனுப்பித் தருவார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், இன்னாருடைய கட்டுரையில் எடுத்தாளப்பட்டது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

ஏஐ கொடுத்த பட்டியல்

கட்டுரையைத் திறந்து பார்க்கும்வரை அப்படி ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'இதுவரை யாரும் ஆராயவில்லை'

இதை எழுதுவதற்கு முன்னால் ஷோத்கங்காவில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். மும்பையைப் பற்றி மராத்தியிலும் இந்தியிலும் குஜராத்தியிலும் எழுதியிருப்பார்கள். மராத்தி படிக்கத் தெரிந்த நண்பரை ஒரு மதியம் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடுங்கள். அதன் பிறகும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், எங்கெல்லாம் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து அந்த வரியை எழுதுங்கள்.